ஆடித்தபசு அன்று முத்துமீனாள் கடையில்

சங்கரன்கோவில் சந்தையில் ஆம்பளைகளுக்குச் சமமாக நின்று டீ ஆற்றிய ஒரே பொம்பளை முத்துமீனாள். புருஷன் செல்லப்பா செத்துப்போன பிறகு, ‘இவள் கையில் கடை ஒரு மாசம் ஓடாது’ என்றவர்களே கிளாஸை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அப்படி ஒரு பக்குவம்! தேயிலைச் சாயம் இறக்கும்போதெல்லாம், பால் சேர்க்கும் முன்னால், அதில் ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பாள். கசப்பு நாக்கில் சரியாக உட்கார்ந்தால்தான் கிளாஸுக்குப் போகும். பொழுது சாயும்வரை மடக்கு மடக்காகச் சாயம். தண்ணீரா? மூச்!

1952 சித்திரை வெயிலில், விலாவுக்குக் கீழே பிடித்தது ஒரு வலி. பெஞ்சைப் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தன் சங்கரபாண்டி ஓடிவந்தான்.

“நான் அப்பமே சொன்னம்லா மதினி? தேயிலத் தண்ணி குண்டிக்காய அரிச்சிரும்னு! காபி கிளப்புல பூரா இதே பேச்சுதான். இன்னொரு மட்டம் வலி வரட்டும், கடைய இழுத்துப் பூட்டிருவேன், ஆமா!”

கடை போனால் அவளுக்கு மிஞ்சுவது கொழுந்தன் வீட்டு அடுப்படி மூலை. அதை நினைத்ததும் வலியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது. மறுநாளே ஞானரத்தினம் டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “சிறுநீரகத்துல, அதான் குண்டிக்காயில, கல்லு,” என்றார் அவர்.

“டீயாலயா? உள்ளதச் சொல்லிருங்கம்மா. கடைய மூடணுமா?”

“பால் ஊத்தி ரெண்டு கிளாஸ் குடிச்சா ஒண்ணும் ஆகாது. நீங்க நாள் முழுக்க வெறுஞ்சாயத்தல்லா குடிக்கீங்க! அதுல உள்ள உப்பு உள்ள தங்குது. அடிச்சிட்டுப் போகத் தண்ணி வேணும்லா?”

“பாய்லர் அடியில பொருக்கு கட்டுமே, அது மாதிரியா?”

“அதே மாதிரிதான். ஏன் தண்ணி குடிக்கல?”

முத்துமீனாள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “குடிச்சா ஒதுங்கணும்லா? சந்தையில நான் எங்கன போவேன்? விடியுமுன்ன போனா, பெறகு இருட்டினாத்தான். அங்கன யாவாரம் பாக்க அம்புட்டுப் பொம்பளையும் இப்படித்தாம்மா.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “கிராமத்துக்குப் பிரசவம் பாக்கப் போற அன்னைக்கு நானும் குடிக்கதில்ல,” என்றார் மெதுவாக. பிறகு குரல் உயர்ந்தது. “மருந்து தாரேன். ஆனா அதுக்கு முன்ன, ஒதுங்க ஒரு எடம் கட்டுங்க!”

கட்டினாள். கடைக்குப் பின்னால் சுவரைத் தாண்டிக் கிடந்த வெற்றிடத்தில் குழி வெட்டி, சுற்றிலும் பனையோலைத் தட்டி நிறுத்தி, உள்ளே தூவ ஒரு கூடை சாம்பலும் வைத்தாள். சங்கரபாண்டி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

“டீக்கடைக்குப் பொறத்தால கக்கூஸா! எவன் வருவான்?”

“இனிமே சாயத்த நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவேன். தண்ணிய செம்பு செம்பாக் குடிப்பேன். கோயில்ல ஆடித்தபசுத் திருநாள் வரைக்கும் பொறுத்துக்கிடும் கொழுந்தனாரே. அன்னைக்கும் யாவாரம் படுத்துட்டுன்னா நானே சாவியத் தாரேன்.”

யாவாரம் படுக்கத்தான் செய்தது. முகம் சுளித்த ஆம்பளைகள் காபி கிளப்புக்கு நடையைக் கட்டினார்கள்.  ஆனாலும் முத்துமீனாள் தண்ணீர்ச் செம்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

தபசு நாளும் வந்தது. எள் போட்டால் விழாத கூட்டம்! தபசுக்குப் பூ விற்க வந்த இசக்கித்தாய்தான் முதலில் கண்டாள்.

“ஏட்டி மீனா, பின்னால என்னட்டி மறைப்பு?”

முத்துமீனாள் அவள் காதில் சொன்னாள்.

“அடிப்பாவி! முன்னமே சொன்னா என்ன?” பூக்கூடையைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடினாள் இசக்கித்தாய்.

அவ்வளவுதான். இளையரசனேந்தல் பக்கமிருந்து விடியுமுன்னே வண்டி கட்டி வந்த பெண்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கோயில் பிராகாரம் சுற்றிக் கால் ஓய்ந்தவர்கள் என்று சுவரோரம் வரிசை நீண்டது. முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனவர்கள் மலர்ந்து திரும்பினார்கள். சும்மா போக மனசு வருமா? “ஒரு டீ போடு தாயி!” தெருவில் நின்று டீ குடித்தே அறியாதவர்கள், முந்தானையால் கிளாஸைப் பிடித்து ஊதி ஊதிக் குடித்தார்கள். பால் பத்தவில்லை!

அந்த அமளியில்தான் மறுபடியும் வலி பிடித்தது. அவள் முகம் வெளுத்ததை, பூட்டோடு வந்து நின்ற சங்கரபாண்டி பார்த்துவிட்டான்.

“வந்துட்டுல்லா? பூட்டட்டா?”

அவள் செம்பை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

“வழி விடுங்கட்டி, கடைக்காரிக்கே அவசரம்!” என்றாள் இசக்கித்தாய். சிரிப்பு அலையடித்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டிக்குள்ளிருந்து ஒரு கூவல்: “விழுந்துட்டு! விழுந்துட்டு!”

“என்ன மதினி, தட்டியா?”

“கல்லுவே! கல்லு!”

வரிசையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். என்ன ஏதென்று தெரியாமல் தெருவில் போனவர்களும் சேர்ந்து போட்டார்கள். சங்கரபாண்டி பூட்டும் கையுமாக வாய் பிளந்து நின்றான்.

“ஏ தம்பி,” என்றாள் காலி கிளாஸோடு ஒருத்தி, “மதினி வாரதுக்குள்ள எனக்கொரு டீய ஆத்து. நானும் எம்புட்டு நேரம் நிப்பேன்?”

பூட்டை மடியில் செருகிக்கொண்டு அவன் சாயத்தை வடிக்கப் போனான்.