பழைய வளையத்தின் உயரம்

எழுபதுகள் முடியவிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நான் வாசலுக்கு வந்தபோது முதலில் பார்த்தது ஒரு ஜோடி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. என் பாதத்தை ஒன்றுக்குள் விட்டுப் பார்த்தேன். பின்னால் இன்னொரு பாதத்துக்கு இடம் மிச்சமிருந்தது.

ஷூவின் சொந்தக்காரர் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில், தோல் உறைக்குள் சுருட்டிய அளவு டேப். சாலையும் சிறுபாலமும் போடும் வேலையில் அவர் ஓவர்சீயர். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியின் சென்டர். என் அத்தையைப் பெண் கேட்டுவிட்டு நான்கு மாதமாகப் பதிலுக்குக் காத்திருந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. தாத்தா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்வதுதான் முடிவு. ஜாதகம் பொருந்தியிருந்தது. வேலை அரசாங்க வேலை. அத்தைக்குச் சம்மதம் என்பதை அம்மா இரண்டு முறை ஜாடையாகவும் ஒரு முறை நேராகவும் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு இருந்த தடை ஒன்றுதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே அணியின் சென்டர் அவர்.

அணியில் உயரமானவரைத்தான் சென்டராகப் போடுவார்கள். வளையத்துக்குக் கீழே நின்று, பலகையில் மோதித் திரும்பும் பந்தை எல்லார் தலைக்கும் மேலே பிடித்துக் கூடைக்குள் போட வேண்டியவர். மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் எங்கள் ஊரின் இரண்டு சென்டர்களையும் ஒப்பிடுவது தினசரி வேலையாக நடந்தது. அது சுலபமான வேலை இல்லை. அப்பா மண் தரையில் வெறுங்காலோடு ஆடியவர்; ஓவர்சீயர் சிமென்ட் தரையில் ஷூ போட்டு ஆடினார். அப்பா காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். அப்போது இருபது பாயின்ட் எடுத்த அணி ஜெயித்தது. இப்போது அறுபது எடுத்தும் தோற்றார்கள். ஆகவே மாறாத ஒன்றை வைத்துத்தான் ஆளை அளக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

"ரிங்கு அன்னைக்கும் பத்தடி, இன்னைக்கும் பத்தடி. நான் எகிறினா உள்ளங்கை படும். அவரு எகிறினா விரல் நுனிதான் படுது. அவ்ளோதான்."

டீக்கடையில் நெடுநாள் இந்தக் கட்சிதான் ஜெயித்தது. கடைசியில் பதில் சொன்னவர் துணிக்கடை பாய். அப்பாவுடன் அதே அணியில் ஆடியவர். அப்பா போட்ட கூடைகளில் பாதிக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். கார்த்திகை தீபத்து மாட்டுச் சந்தைக்கு வரும் வண்டிகள் அந்த நாளில் மைதானத்தில்தான் நிற்குமாம். சக்கரம் சேற்றில் புதையாமலிருக்க ஒவ்வொரு வருடமும் கிராவல் கொட்டுவார்களாம்.

"கம்பம் நட்ட எடத்துலயே நிக்குது. தரைதான் வருசா வருசம் ஏறிக்கினே போச்சு," என்றார் பாய், டீயை ஆற்றியபடி. "உன் ரிங்கு ஒம்பதரை இருந்தா ஜாஸ்திபா."

மறுநாள் மாலைக்குள் இந்தப் பேச்சு பக்கத்து ஊர் வேங்கிக்கால் வரை போய்விட்டது. அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து ஓவர்சீயருக்கு ஆள் அனுப்பினார். பழைய வளையம் மைதானத்தின் மூலையில் இன்னும் நிற்கிறது, சிமென்ட் கோர்ட் வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் மண் கொட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு வந்து அவரே அளந்து சொல்லட்டும் என்று.

சனிக்கிழமை ராத்திரி அத்தை ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள்.

"பத்தடி இருந்தா எனக்குக் கல்யாணம், அண்ணி. கம்மியா இருந்தா அண்ணன் அந்தாளு மூஞ்சியில முழிக்கவே மாட்டாரு," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

ஏழு மணிக்கு நாங்கள் மைதானத்தில் இருந்தோம். பாய் முன்னாலேயே வந்து காத்திருந்தார். நான் வீட்டிலிருந்து முக்காலியைத் தூக்கி வந்திருந்தேன். எனக்கு வயது ஒன்பது. கணக்கில் வகுப்பில் முதல். அதனால் அளவெடுக்கும் இடத்தில் நான் இருப்பது நியாயம் என்று நினைத்தேன்.

ஓவர்சீயர் ஷூவைக் கழற்றிவிட்டு முக்காலி மேல் ஏறி, டேப்பின் பித்தளைக் கொக்கியை வளையத்தில் மாட்டினார். மறுமுனையைத் தரையோடு வைத்துப் பிடிக்கும் வேலை எனக்கு. இழுத்துப் பிடித்தேன். என் கட்டைவிரல் நகத்துக்கு நேரே ஒன்பது அடி ஐந்து அங்குலம் என்று இருந்தது.

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினார். பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"பத்தடிங்க சார்," என்றார். "ஒரு நூல் ஜாஸ்தியே இருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டேப் என் விரலிலிருந்து நழுவி உறைக்குள் ஓடிவிட்டது. கொக்கியை ஒரு உதறில் விடுவித்து அவர் அவ்வளவு வேகமாகச் சுருட்டினார்.

"இன்னா பாய், கேட்டுச்சா?" என்றார் அப்பா. இரண்டு எட்டு தள்ளி நின்றிருந்தார். தாலுகா ஆபீஸில் மற்றவர்கள் எழுதிய ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டாம் முறை சரிபார்ப்பவர் என்று பெயர் எடுத்தவர், அந்த இரண்டு எட்டை எடுத்து வைக்கவில்லை.

"கேட்டுச்சுபா. ஓவர்சீயரே சொன்னப்புறம் இன்னா இருக்குது?" என்றார் பாய். "நானும் கண்ணாடி கொண்டாரல."

அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தம்பி, இதுல ஒரு தபா எகிறுங்க, பாப்போம்."

ஓவர்சீயர் வளையத்தை அண்ணாந்து பார்த்தார். சிமென்ட் கோர்ட்டில் அவர் எகிறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கை தரையைத் தொடுகிற அளவுக்கு மடங்கி, அப்புறம்தான் கிளம்புவார். இங்கே முழங்கால் அதிகம் மடங்கவில்லை. குட்டையைத் தாண்டுகிறவர் மாதிரி ஒரு சின்னத் துள்ளல். விரல் நுனிகள் மட்டும் வளையத்தைத் தொட்டன. துரு உதிர்ந்தது.

"விரல்தான்," என்றார் அப்பா.

"விரல்தாங்க சார்."

"நமக்கு உள்ளங்கை. அதுக்கு இன்னா பண்றது, அது அந்தக் காலத்து ஒடம்பு." அப்பா அவர் தோளில் கை போட்டார். அதற்கு அவர் கையை நன்றாக உயர்த்த வேண்டியிருந்தது. "ஆனா ஹூக் ஷாட்டு என்னைவிட உங்களுக்கு நல்லா வருது. எடது கைதான் கொஞ்சம் கம்மி. நான் சொல்லித் தர்றேன். வாங்க, வீட்ல டிபன் சாப்ட்டுப் போலாம்."

அன்று இட்லியோடு கேசரியும் இருந்தது. பாய் மூன்று முறை கேசரி வாங்கிக்கொண்டார். அப்பா பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச, ஓவர்சீயர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை. அத்தையைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒம்பது அடி அஞ்சு அங்குலம், அத்தை. நான் பாத்தேன். அவருக்கு டேப் படிக்கத் தெரியல."

"யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதடி," என்றாள். பிறகு பானைத் தண்ணீரை மொண்டு முகத்தைக் கழுவினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, ரொம்பப் பெரிய வித்தியாசம் இல்லை, ஏழு அங்குலம்தான் என்று ஆறுதல் சொன்னேன். அவள் அதற்கு இன்னும் குலுங்கினாள்.

பல நாள் எனக்கு அந்தக் கவலை இருந்தது. ஒன்பது சில்லறைக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவருக்கு அத்தையைக் கொடுக்கிறார்களே என்பது ஒன்று. அவர் அளந்து கட்டியவை ஊரைச் சுற்றி இருக்கின்றனவே என்பது இன்னொன்று. கீழ்பென்னாத்தூர் சாலையில் அவர் மேற்பார்வையில் கட்டிய சிறுபாலம் ஒன்று உண்டு. பஸ் அதைக் கடக்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். வேறு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம். பத்திரிகை வாசகத்தை அப்பாவே எழுதி அச்சகத்துக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே வேலை, அதற்கும் கீழே தனி வரியாக, தடித்த எழுத்தில், "நமதூர் கூடைப்பந்து அணியின் சென்டர்" என்று அச்சாகியிருந்தது.