வந்த கல், சொந்தக் கல்

“நம்ம பக்கம் தோண்டினா தண்ணிதான் லா வரும். ஒரு கல்லுகூட கெடையாது. நீ கல்லப் பத்தி என்னத்தப் படிக்கப் போற?”

பல்கலைக்கழகத்தில் நிலவியல் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது என் மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி. தோட்டத்துப் பாதைகளுக்கு லோரியில் கல் கொண்டுவந்து கொட்டுபவர் அவர்தான். அதனால் கல்லைப் பற்றி அவர் பேசினால் வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகும் வழியில் உள்ள எங்கள் செம்பனைத் தோட்டத்தில் மேலே கறுப்புச் சேறு, அதற்குக் கீழே கடல் விட்டுப்போன சாம்பல் நிறக் களிமண். கால்வாய் வெட்டினால் சிப்பி வரும், கல் வராது. குலை வெட்டும் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகம்வரை போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். இதை நான் அடக்கத்தோடு சொல்லப் போவதில்லை.

முதல் பருவத்திலேயே மாமா சொன்னது பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. சொந்த ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அந்த ஊரின் நிலத்தைப் பற்றி எழுதச் சொன்னார் விரிவுரையாளர். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு எதிரே பாதையில் கிடந்த ஒரு கல்லை எடுத்துப்போனேன். சாம்பல் நிறம், உள்ளே மைக்கா மினுங்கும். பிறந்ததிலிருந்து மிதித்து நடந்த கல். எங்கள் தோட்டம் கிரானைட் பாறைமேல் நிற்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். விரிவுரையாளர் படித்துவிட்டு, பக்கத்தில் மலை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தோண்டினால் என்ன வரும் என்றார். களிமண் என்று சொல்லி முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. அது எங்கள் ஊர்க் கல் அல்ல, மாமாவின் லோரியில் வந்த கல்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்து, தோட்டத்துப் பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். முழங்காலிட்டுக் கல் பொறுக்கினேன். உரம் போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள், மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இரண்டு நாளில் கற்களை மூன்று வகையாகப் பிரித்தேன். மைக்கா மினுங்கும் கிரானைட் ஒன்று. பெரிய வெள்ளைப் படிகங்கள் கொண்ட கிரானைட் இன்னொன்று. மூன்றாவது வெளிர் நிறக் கல். அதைச் சுரண்டி, பொடிமேல் அம்மாவின் சமையலறை வினிகரை ஊற்றினேன். நுரைத்தது. சுண்ணாம்புக்கல்.

மூன்று இடத்திலிருந்து கல் வந்திருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். ரெண்டே குவாரிதான், ரெண்டும் ரவாங் பக்கம், நான்தானே ஏற்றுகிறேன் என்று அவர் அடித்துச் சொன்னார். நான் விடவில்லை. நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

“நீ சொன்னதுதான் சரி பாப்பா. நான் லோரி ஓட்டறதுக்கு முன்னாடி ஈப்போ பக்கத்துலேருந்து கொண்டாந்தாங்களாம். கல்லோட ஐ.சி. அட்டையப் பாத்து ஊரச் சொன்ன மாதிரி சொல்லிட்டியே.”

இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்பாக நிலாவைக் கேட்டேன். நிலாவின் கருமையான சமவெளிகள் எரிமலைக் குழம்பு பரவி உறைந்தவை. வெளிர்ந்த மேடுகள் அதைவிடப் பழைய, வேறு வகைப் பாறை. விண்கல் மோதினால் மேட்டுப் பாறை சிதறி, வெகு தொலைவு பறந்து சமவெளியில் விழும். தடுக்கக் காற்று இல்லை, ஈர்ப்பும் பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். உருட்டிச் செல்ல ஆறும் இல்லை. விழுந்த கல் விழுந்த இடத்திலேயே கிடக்கும், சிறு விண்கற்கள் மோதி மோதி அதைப் பொடியாக்கும்வரை. ஒரு சமவெளியின் படங்களை வைத்து, எது அங்கேயே உடைந்த சொந்தக் கல், எது வந்த கல் என்று பிரிக்க வேண்டும். இதுதான் நான் எழுதிக் கொடுத்தது.

தலைப்பை ஏற்பது மூன்று பேர் கொண்ட குழுவின் கையில் இருந்தது. அவர்கள் மறுத்தால் நெடுஞ்சாலை ஓரத்து மண்சரிவை அளக்கும் வேலை எனக்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது. நல்ல வேலைதான். ஆனால் எனக்கு நிலா வேண்டும்.

குழுவில் மூத்தவர் என் தாளைப் புரட்டிவிட்டு மலாய் மொழியில் கேட்டார், ஒரு கல் கிடக்கும் இடமே அதன் சொந்த இடம் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள், உனக்கு மட்டும் ஏன் முதலிலேயே சந்தேகம் என்று.

நான் பிறந்த இடத்தில் எல்லாக் கல்லும் வந்த கல்தான் என்றேன். முதல் பருவத்தில் நான் ஏமாந்த கதையைச் சொன்னேன். பிறகு அந்த விடுமுறையில் நான் வரைந்த தோட்டத்துப் பாதையின் வரைபடத்தை விரித்து, மூன்று வகைக் கல்லையும் மூன்று நிறத்தில் குறித்திருந்ததைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, சுண்ணாம்புக்கல் எங்கே முடிகிறது என்று விரலால் தேடினார். அங்கேயே கையெழுத்திட்டார்.

அந்த ஆய்வை முடித்தேன். அதை வைத்துத்தான் முதுநிலை ஆய்வுக்கு இடம் கிடைத்தது. இந்த முறை புதன் கோள். உருவத்தில் சிறியது, உள்ளே இருப்பதில் பெரும்பகுதி இரும்பு. அதன் மேற்பரப்பில் ஆங்காங்கே கருமையான திட்டுகள் உண்டு. ஆழத்தில் கிடந்த கரி மோதலில் மேலே வந்து சிதறியிருக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு ஆழம் என்பது என் கேள்வி. மோதல் தோண்டிய பள்ளம் எவ்வளவு அகலமோ, அதற்கேற்ற ஆழத்திலிருந்து கரி மேலே வந்திருக்கும். போன திங்கட்கிழமை பதிவு செய்தேன். அன்று பிற்பகலே முதல் படத்தைத் திறந்து, முதல் பள்ளத்தின் விளிம்பை அளந்து குறித்துவிட்டேன்.