ஒக்ஸ்போர்ட் வாசலில் அப்பாவின் அடையாள அட்டை

இந்த இங்கிலாந்துக்காரரிடம் அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. வந்த புதிதில் நான் இதை நம்பவேயில்லை. என்னோடு படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை கைபேசியை மட்டும் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிவாள். வழியில் மறித்து யாரென்று விசாரித்தால் என்ன செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஏன் விசாரிக்கப் போகிறார்கள்?" என்றாள். கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்குப் பதில் தெரியாமலில்லை, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் அப்பா கொழும்பிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா செத்துப்போனபிறகு வெள்ளவத்தை ஃபிளாட்டில் தனியாள். எனக்கோ படிப்பு முடிகிற கையோடு லண்டனிலேயே வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை ஒக்ஸ்போர்டுக்குக் கூட்டிப்போனால், பழைய கட்டடங்களைப் பார்த்து மனம் குளிர்ந்திருக்கிற நேரத்தில் மெல்லச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்பாவுக்கு ஊர் நன்றாகவே பிடித்துக்கொண்டது. மஞ்சள் கல் மதில்களைத் தடவித் தடவிப் பார்த்தார். "எல்லாத்தையும் கோயில் மாதிரியெல்லோ கட்டி வைச்சிருக்கிறாங்கள். பிள்ளையள் எங்கயிருந்து படிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கல்லூரியின் பெரிய வாசலுக்குள் நுழைந்தோம். கறுப்புக் கோட்டும் வட்டத் தொப்பியும் போட்ட காவலாளி ஒருவர் எங்களைப் பார்த்து இரண்டடி முன்னே வந்தார். அவ்வளவுதான். அப்பா கைப்பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, "மாத்தயா, வெள்ளவத்தே" என்றார். 'ஐயா, வெள்ளவத்தை' என்று சிங்களத்தில். கந்தோரில் நாள்முழுக்க ஆங்கிலக் கடிதம் தட்டச்சுச் செய்த மனிதர் அவர்.

யுத்த காலத்தில், வெள்ளவத்தையூடாகப் போகிற காலி வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போகிற அப்பா, இறங்கும்போதே அட்டையைக் கையில் எடுத்துவிடுவார். கேட்க முதல் நீட்டினால் பாதிச் சந்தேகம் அதோடு போய்விடும் என்பது அவருடைய சட்டம். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருக்கும். சிப்பாய் அதை வாசிக்க முதல், இருக்கிற இடம் வெள்ளவத்தை என்று வாயால் சொல்லிவிட வேண்டும். மற்றக் கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருப்பார். அந்தக் கை வியர்த்திருக்கும்.

காவலாளி அட்டையை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். "நல்ல படம், சேர். புற்றரையில் கால் வைக்க வேண்டாமென்று சொல்லத்தான் வந்தேன். உள்ளே போங்கள், மிஸ்டர் வெள்ளவத்தே" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். எனக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு அப்பாவில் கோபம். யுத்தம் முடிந்து எவ்வளவு காலம், இன்னும் ஏன் இப்படி என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர் அட்டையைத் திரும்ப உறைக்குள் வைத்து, சட்டைப் பையை இரண்டுதரம் தடவிப் பார்த்ததைக் கண்டதும் கோபம் போய் அழுகைதான் வந்தது.

ஆற்றங்கரை மரவாங்கில் குந்தியிருந்து, லண்டன் தமிழ்க் கடையில் வாங்கிவந்த மீன் வைத்த மாலு பணிஸைச் சாப்பிட்டோம். வேலை கிடைத்த செய்தியை அங்கேதான் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"இஞ்ச பொலிஸ் வீட்டை வந்து ஆக்களைப் பதியிறேல்லையோ?"

"இல்லையப்பா."

"ரோட்டில மறிச்சும் கேக்கிறேல்லை?"

"எங்களை இதுவரைக்கும் கேக்கேல்லை."

"அப்ப இரு பிள்ளை. இஞ்சயே இரு."

எத்தனை நியாயங்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன்! ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் ஒருதரமாவது 'திரும்பி வா' என்று கேட்பார் என்றுதான் நான் காத்திருந்தேன் போலும்.

"நீங்கள் தனிய என்னண்டு இருப்பீங்கள்? நீங்களும் வந்திடுங்கோவன்."

அப்பா சட்டையில் ஒட்டியிருந்த பணிஸ் தூளைத் தட்டினார். "நானும் வந்தா, நீ அங்க வரேக்க ஆர் கதவு திறக்கிறது?"

பின்னேரம் லண்டன் பஸ்ஸில் என் வலது கையைப் பிடித்தபடியே அவர் நித்திரையாகிவிட்டார். வேலையை ஏற்றுக்கொள்வதாக, கைபேசியில் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். வலது கையை எடுக்கவில்லை.