நான்காம் தட்டு முளைத்தது

பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தைக் கட்டி மேய்த்துவருபவள் லேப் அக்கா. குடுவை, தராசு, எலும்புக்கூடு எல்லாம் அவள் ஆட்சிதான். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம்! அவள் கழுவிய தட்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இந்த வருடம் வந்தது வினை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஈரப்பஞ்சில் போட்ட பயறு இரண்டு முறையும் முளைக்கவில்லை. ஒன்றுகூட! "பழைய விதையை எடுத்துக் குடுத்திருக்கீங்க" என்று அறிவியல் வாத்தியார் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியை ஒரு படி மேலே போனார். "திங்கட்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லைன்னா நீங்க ஆபீஸ்ல ஃபைல் பார்க்க வந்துடுங்க."

ஃபைலா! ஆய்வுக்கூடத்தை விட்டால் அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"எல்லாத்தையும் புதுசா மாத்திப் போட்டுடலாம்டி" என்றாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம்.

"மாத்தி முளைச்சா, எதனால முளைச்சதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வகுப்பில் அவளுக்குத் துருவி என்றே பெயர். "நாலு தட்டு வைப்போம். முதல் தட்டுல எல்லாமே பழையபடி. ரெண்டாவதுல விதை மட்டும் புதுசு. மூணாவதுல தண்ணி மட்டும் வேற. நாலாவதுல, தட்டு கழுவுறதை மட்டும் மாத்துவோம்."

"ஏய், என் கழுவலையுமா சந்தேகப்படுற?"

"எல்லாத்தையும்தான்க்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையே வேலையில் இறங்கினாள். முதல் மூன்று தட்டுகளையும் வழக்கம்போலக் கழுவி, இந்த வருடம் வந்த புதுக் கிருமிநாசினியை ஊற்றி, பூஞ்சை வரக்கூடாதென்று அலசாமலே காயவைத்தாள். நாலாவதை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினாள். அவள் கண்ணுக்கு அது அழுக்காகவே தெரிந்தது. தட்டுக்குப் பத்து விதை எண்ணிப் போட்டாள். சனி, ஞாயிறு விடுமுறையிலும் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, நான்கிற்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்தாள்.

திங்கட்கிழமை காலை. வகுப்பே மேசையைச் சுற்றி முண்டியடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று: அசையவில்லை. நாலாவது? அடேயப்பா! பழைய விதையேதான், பத்துக்கு ஒன்பது வெள்ளை வாலை நீட்டிக்கொண்டு நின்றன!

"முளைச்சிடுச்சுடி! விதை மேல தப்பே இல்லை!" அக்கா துருவியைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள்.

பிறகுதான் கூச்சல் மெல்ல அடங்கியது. தட்டு கழுவியது யார்? எல்லோருக்கும் தெரியும்.

துருவி சோதனை நோட்டைத் திறந்தாள். "அக்கா, தண்ணிதான் காரணம்னு எழுதிடுவோமா? யாருக்குத் தெரியப் போகுது?"

அக்காவுக்கு வந்ததே கோபம்! "நாலு நாளா வேலை மெனக்கெட்டது பொய் எழுதறதுக்கா? குடுடி நோட்டை!" பிடுங்கிக்கொண்டாள். பயம் இல்லாமலா? ஆனால் உள்ளுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் செய்வதற்கு எடுத்துவைத்தவள், இன்று தானே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்! கொட்டை எழுத்தில் எழுதினாள்: விதை நல்ல விதை. தட்டில் நான் அலசாமல் விட்ட மருந்துதான் முளையைக் கெடுத்தது.

அதற்குள் சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்துவிட்டார். நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். நான்கு தட்டுகளையும் குனிந்து பார்த்தார்.

"எழுதினது நீங்களா?"

"நான்தாங்க மேடம். கழுவினதும் நான்தான்."

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து நீட்டினார். "கீழே கையெழுத்துப் போடுங்க. ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்னும் சேர்த்து எழுதுங்க."