எர்காஷ் கரப்பான் இரந்த காதை

"நான் மூச்சு விடுற வரைக்கும் இந்த மொஹல்லாவுல ஒரு கரப்பான் மூச்சு விடாது" என்று எர்காஷ் ஒருமுறை சபதம் செய்தார். செய்த இடமும் லேசுப்பட்டதல்ல. கல்யாண வீட்டின் விடியற்காலைப் பந்தி, ஆட்டிறைச்சிப் பலாவ் சோறு. இருநூறு ஆண்கள், உதட்டில் கொழுப்பு, கையில் தேநீர்க் கிண்ணம். தாஷ்கந்தில் அந்த நேரத்தில் வாயிலிருந்து விழும் சொல், பத்திரம் பதிந்த மாதிரி.

சபதம் வீண்போகவில்லை. சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் பூச்சிமருந்து அடித்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான், தெளிப்பானுக்கு இல்லை. அதை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பான மொஹல்லாவின் பதினோரு ஐந்துமாடிக் கட்டிடங்களிலும் ஏறி இறங்கினார். எறும்பு போயிற்று, ஈ போயிற்று, சிலந்தி போயிற்று, கரப்பான் குலம் கோத்திரத்தோடு போயிற்று.

பாக்கி ஒரே ஓர் இடம். நான்காம் கட்டிடத்துக்கு அடியில், வெந்நீர்க் குழாய்கள் ஓடும் இருட்டில், துராப் பூட்டி வைத்திருந்த நிலவறை. துராப் பழைய டிராம் ஓட்டுநர். நகரத்தில் டிராமையே எடுத்துவிட்ட பிறகு, அவர் ஆளுகைக்கு மிஞ்சியது அந்த நிலவறையும் அதிலிருந்த ஊறுகாய்ப் பீப்பாய்களும்தான். பீப்பாய் பக்கம் விஷம் வந்தால் கொலை விழும் என்று சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. பந்தியில்கூட ஒருவர் கிழக்கோரம், ஒருவர் மேற்கோரம்.

இப்படி வரலாறு நேராகப் போய்க்கொண்டிருந்தபோது எர்காஷின் மகள் ஷோஹிஸ்தாவுக்கு சியோலில் வேலை கிடைத்தது. அவள் பெட்டியைக் கட்டினாள். தன் பச்சோந்தியைக் கட்ட முடியாததால் அப்பா வீட்டில் விட்டுப் போனாள். பெயர் வஸீர், அதாவது மந்திரி. ஒரு காலைத் தூக்கி அடுத்த கிளையில் வைப்பதற்குள் மூன்று முறை யோசித்து, இரண்டு முறை மனதை மாற்றிக்கொள்வதால் வந்த பெயர். ஒரு கண் ஜன்னலைப் பார்க்கும். இன்னொன்று எர்காஷைப் பார்க்கும். அந்த இன்னொன்றில் மரியாதை இல்லை என்பது எர்காஷின் கட்சி.

ஆனால் மனைவி முயஸ்ஸருக்கு அது உயிர். இசைப்பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் தான் வாசித்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்த ஒரே ஜீவன் வஸீர்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பக்கத்தில் இருந்த எர்காஷ் தேநீரை உறிஞ்சினார்.

தீனி பறவைச் சந்தையிலிருந்து வந்தது. ஒரு டப்பா சிள்வண்டு, ஒரு கிலோ ஆட்டிறைச்சி விலை. வாழ்நாளெல்லாம் பூச்சியைக் கொல்லக் காசு வாங்கிய மனிதர் பூச்சிக்குக் காசு கொடுத்து, இரண்டு பேருந்து மாறி, டப்பாவை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். டப்பா கிறீச் கிறீச் என்று பாடியது. பக்கத்து இருக்கைக்காரர் போன் அடிக்கிறது, எடுங்கள் என்றார்.

இரண்டு மாதம் கழித்து, ஜனவரிக் குளிரில், வஸீர் சாப்பாட்டை நிறுத்தியது. சிள்வண்டு மூக்கின் மேலேறி நடந்தாலும் கண்ணைத் திருப்பிக்கொண்டது. ஐந்து நாளில் விலா தெரிந்தது. முயஸ்ஸர் பியானோவை மூடினாள். ஆறாம் நாள் தானும் ரொட்டியைத் தள்ளிவைத்தாள். போனில் ஷோஹிஸ்தா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் ஒரே சாப்பாடுன்னா அதுக்கு வெறுத்துப் போகாதாப்பா? உங்களுக்கு தினமும் பலாவ் போட்டா சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேனே" என்றார் எர்காஷ், உண்மையாக.

மாற்றித் தரவேண்டும் என்றாள் மகள். மாவுப்புழு கொடுத்துப் பார்த்தார்கள். வஸீர் வாயில் போட்டு, யோசித்து, துப்பியது. பட்டுப்புழு என்றால் மல்பெரி இலை துளிர்த்து, கிராமத்தார் புழு வளர்க்கக் கூடை வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வஸீர் இருக்காது. கடைசியில் ஷோஹிஸ்தா, குழாய்ப் பக்கம் ஓடுமே அந்தச் சிவப்புக் கரப்பான், அதுதான் இதற்கு அல்வா, இங்கே சியோலில் அதை எண்ணி விற்கிறார்கள், நம் ஊரில் சும்மா ஓடுமே என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அப்பா யார் என்பது அவளுக்கே நினைவு வந்தது.

எர்காஷ் டார்ச்சோடு கிளம்பினார். பத்து அடித்தளம், நாற்பது மாடிப்படி, குப்பைத் தொட்டிகள் அத்தனையும் குனிந்து பார்த்தார். ஒரு மீசை ஆடவில்லை. பார்த்தவர்களெல்லாம் நெகிழ்ந்தார்கள்: இந்தக் குளிரிலும் கடமையைப் பாருங்கள் என்று ஒருத்தி அவருக்காக அல்லாவிடம் கையேந்தினாள். தன் திறமையை நினைத்து அவர் வருத்தப்பட்டது அன்றுதான்.

மிச்சமிருந்தது துராபின் நிலவறை. கேட்பதா, அதுவும் அவனிடமா? எர்காஷ் வேறு வழி கண்டார். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்குத் தட்டு போனால் வெறுந்தட்டாகத் திரும்பாது. அவர்களிடம் என்ன நிறைய இருக்கிறதோ அதுதான் தட்டில் வரும். துராபிடம் என்ன நிறைய இருக்கிறது என்று உலகுக்கே தெரியும். முயஸ்ஸர் சமைத்த பலாவ் தட்டில் ஏறிப் போனது. பன்னிரண்டு வருடப் பகைக்குப் பிறகு பலாவைக் கண்ட துராப் விஷம் இருக்குமோ என்று முதலில் பூனைக்கு வைத்ததாகக் கேள்வி. தட்டு தக்காளி ஊறுகாயோடு திரும்பியது. மறுநாள் சம்சா போனது, வால்நட் வந்தது. முயஸ்ஸர் மூன்றாவதாக எதையும் சமைக்கவில்லை. வஸீர் கிளையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது.

எர்காஷ் கடையில் ரொட்டி வாங்கித் தட்டில் வைத்துத் தானே போனார்.

"என்ன அண்ணே, மூணு நாளா விருந்து? யாருக்காவது கல்யாணமா?" என்றார் துராப் வாசலில் நின்று.

"இல்ல. உன்கிட்ட... கீழ... அது இருக்குதில்ல."

"எது? முள்ளங்கியா?"

"ஓடுமே."

"என் முள்ளங்கி ஓடாது. பேரச் சொல்லுங்க."

எர்காஷ் படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தார். "கரப்பான்" என்றார், கடன் கேட்பவர் குரலில். "பச்சோந்தி சாகக் கிடக்குது துராப். அவளும் சாப்பிட மாட்டேங்கிறா."

துராப் சிரிப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே போனார். திரும்பியபோது தட்டின் நடுவே ஒரு ஊறுகாய் ஜாடி, வாயில் துணி. உள்ளே வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாமல் நாற்பது சிவப்புக் கரப்பான்கள். "ஊறுகாய் போடாதீங்க" என்றார். "பச்சையாத்தான் நல்லாருக்குமாம்."

முதல் கரப்பானைக் கண்டதும் வஸீரின் இரண்டு கண்களும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே திசையில் பார்த்தன. நாக்கு வந்ததும் போனதும் தெரியவில்லை. நான்கு கரப்பான். முயஸ்ஸர் இரண்டு ரொட்டி. அன்றிலிருந்து வாரம் ஒரு தட்டு போவதும் ஒரு ஜாடி வருவதும் நிற்கவில்லை.

மார்ச்சில், நவ்ரூஸ் பண்டிகைக்கு முன், மொஹல்லாத் தலைவர் உத்தரவோடு வந்தார்: அடித்தளங்கள் அனைத்துக்கும் எர்காஷ் மருந்தடிக்க வேண்டும், நான்காம் கட்டிடம் உட்பட, பூட்டு திறக்காவிட்டால் உடைக்கப்படும். பத்துப் பேர் கூடினார்கள். பன்னிரண்டு வருடச் சண்டையின் இறுதிக் கட்டம் என்று கிண்ணங்களோடு வந்தவர்களும் உண்டு. துராப் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார்.

எர்காஷ் முகமூடி மாட்டி, மருந்து நிறைந்த தெளிப்பான் தொட்டியோடு இறங்கினார். உள்ளே பலகையைத் தூக்கினார். சிவப்பாக நூறு ஓடின. தொட்டியை இறக்கி வைத்து உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கேரட் ஒன்றை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கிக் குழாயோரம் வைத்து, பலகையைப் பழையபடி மூடினார். அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு மேலே வந்தார்.

"எத்தனை செத்துச்சு?" என்று தலைவர் கேட்டார்.

"எண்ணல" என்றார் எர்காஷ்.

கூட்டம் கலைந்ததும் சாவியைத் துராபின் கையில் வைத்து, காதருகே குனிந்தார். "கதவ இழுத்து மூடி வை. உள்ள குளிர் இறங்குது."