மருந்துக்குச் சாகாத கொசுக்களும் அமலி அக்காவும்

பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது அந்துவான் அழைத்தான். அமலி அக்காவின் தம்பி மகன். "தாந்த் போயிட்டாங்க" என்றான். அத்தையை அந்த வீட்டில் பிரெஞ்சில் அப்படித்தான் அழைப்பார்கள். சிறுநீரகங்கள் கைவிட்டு மாதங்கள் ஆகியிருந்ததால் எதிர்பாராத செய்தி அல்ல. இருந்தும் கீரைக்காரம்மா நீட்டிய கட்டை வாங்காமல் நின்றேன். "இன்னாமா, வேணாமா?" என்று அவர் மறுபடி கேட்ட பிறகுதான் கை நீண்டது.

எங்கள் கொசு ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்து, இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கோபக்காரர். கொசுக்கூண்டைச் சரியாக மூடாதவரை எல்லார் முன்னிலையிலும் திட்டுவார். பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் இருந்த எனக்கு, பரிணாமத்தைப் படிக்கும் பாடமாக அல்லாமல் பார்க்கும் நிகழ்ச்சியாகக் காட்டியவர். "கொசுவுக்கு ஒரு தலைமுறைன்னா நமக்கு ஒரு மாசம்கூட இல்ல. உக்காந்து பாத்தா கண்ணு முன்னாடியே மாறும். பாக்கத்தான் தைரியம் வேணும்" என்பார்.

மூலக்குளத்தில் ஒரு குடியிருப்பில் கொசுப்புகை அடிக்கும் தேவநாதனை ஒப்பந்தக்காரர் வேலையிலிருந்து நிறுத்தியபோதுதான் அந்தத் தைரியத்தை முதலில் பார்த்தேன். புகை அடித்த மறுநாளும் கொசு குறையவில்லை என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் புகார் செய்திருந்தார். "மருந்த வித்துட்டு வெறும் டீசல அடிச்சிட்டுப் போறான் மேடம்" என்றார், சோதித்துப் பார்க்கப் போன எங்களிடம். தேவநாதன் மெஷினைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். "சரியாத்தான் கலக்குறேன்மா. செத்து விழலன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அக்கா யார் பக்கமும் பேசவில்லை. அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து புழுக்களை எடுத்துவந்து கொசுக்களாக வளர்த்தார். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக மருந்தையே காணாமல் வளர்ந்த கொசுக்களும் எங்களிடம் இருந்தன. இரண்டு வகையையும் தனித்தனி வலைக்கூண்டுகளில் போட்டுத் தெருவில் தொங்கவிட்டோம். முதலில் ஒரு ஜோடிக் கூண்டுக்கு வெறும் டீசல் புகை. அதை அப்புறப்படுத்திய பிறகு, அடுத்த ஜோடிக்குத் தேவநாதன் வழக்கமாகக் கலக்கும் மருந்துப் புகை.

புகை அடிக்கும் முன்பே கூடியிருந்தவர்களிடம் அவர் சொல்லிவிட்டார்: "மருந்துல குறையிருந்தா ரெண்டு வகையும் பொழைக்கும். மருந்து சரியா இருந்து கொசு மாறியிருந்தா, எங்க கொசு சாவும், உங்க கொசு சாவாது. நாளைக்கு வந்து யாரும் வேற அர்த்தம் சொல்லக் கூடாது."

மறுநாள் காலை டீசல் புகை பட்ட கூண்டுகளில் எல்லாமே உயிரோடு இருந்தன. மருந்து பட்டவற்றில் எங்கள் கொசுக்கள் ஒன்று விடாமல் அடியில் கிடந்தன. மூலக்குளத்துக் கொசுக்களில் பெரும்பகுதி வலைச்சுவரில் அமர்ந்திருந்தன. அக்கா வலையில் விரலை வைத்தார். வலை வழியாகவே கடிக்கத் தொடங்கின.

"அப்ப நான் திருடன் இல்லதானம்மா?" என்று கேட்டார் தேவநாதன்.

"இல்லப்பா. நீ திருடனா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவருக்கு அது புரியவில்லை. வேலை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் சிரித்தார். தலைவருக்கும் புரியவில்லை. "அப்ப மருந்த இன்னும் கொஞ்சம் கூட்டிடலாமா?" என்றார். "கூட்டுனா அதையும் தாங்குறதுதான் மிஞ்சும். அதுதான் முட்ட போடும்" என்றார் அக்கா. சங்கம் மருந்தைக் கூட்டத்தான் செய்தது. அந்த மழைக்காலத்தில் அதே தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். தலைவரின் மருமகள் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து பிழைத்து வந்தாள்.

"கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்று ஊரே சொன்னது. அந்தச் சொல் அக்காவை உறுத்தியது. பழகுகிறதா, பிறவியிலேயே இருக்கிறதா? அப்போது பிள்ளைச்சாவடி என்ற ஊரின் கொசுக்களில் பாதி அந்த மருந்துக்கு இன்னும் செத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து தாய்க்கொசுக்களைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளையும் இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு மட்டும் மருந்து காட்டினோம். எந்தத் தாயின் பங்கு அதிகமாகத் தாங்கியதோ, மருந்தே காணாத அதன் உடன்பிறப்புகளை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டோம். இப்படியே பல தலைமுறைகள். மருந்து பழகுவதால்தான் தாங்குகிறது என்றால் இந்த வம்சம் செத்தாக வேண்டும். ஆய்வகத்தில் பிறந்த அதன் முன்னோர்களில் ஒன்றுகூட மருந்தை நுகர்ந்ததில்லை.

கடைசியில் அவற்றுக்கு மருந்தைக் காட்டினோம். ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பிழைத்தவற்றை மறுபடி எண்ணினார். "பழகல சுமதி. பொறக்கும்போதே இருந்துச்சு. நாமதான் மத்ததயெல்லாம் கொன்னு அதுக்கு வழி விட்டோம்."

ஓய்வு பெற்ற பிறகும் அவர் விடவில்லை. புதிதாக வரவிருந்த இரண்டாவது மருந்தைக் கூண்டில் சோதிக்கச் சொன்னார். அதையும் தாங்கும் கொசு ஏற்கெனவே எங்கோ இருக்கும் என்பது அவர் அனுமானம். தலைமுறைக்குத் தலைமுறை, மருந்து காட்டியவை எல்லாம் செத்தன. "நான் தப்பாத்தான் இருக்கணும்" என்று போனில் மகிழ்ச்சியாகச் சொல்வார். தன் அனுமானம் தோற்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தபோது கை கால் வீங்கிப் படுக்கையில் இருந்தார். புதிய மருந்துக் கூண்டில் அன்று கண்டதை நான் சொல்லாமல் இருந்துவிட நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

"எத்தன நின்னுச்சு?"

"மூணுக்கா. மூணே மூணுதான்."

"பொண்ணா?"

"ரெண்டு பொண்ணு, ஒரு ஆணு."

கண்களை மூடிக்கொண்டார். "போதும்" என்றார். அது என்னைத் தேற்ற வந்த சொல் அல்ல; ஒரு வம்சம் தொடங்க அந்த மூன்றே போதும்.

அடக்கம் முடிந்து அந்துவான் கல்லறைத் தோட்ட வாசலில் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, அத்தையின் நினைவாக வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னான். எதையும் எடுக்கவில்லை. காண விரும்பாத விடையையும் கண்ணைத் திருப்பாமல் எண்ணி முடிக்கும் பழக்கத்தை அவர் முன்பே எனக்குத் தந்துவிட்டார். அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் ஆய்வகத்துக்குப் போய், அந்த இரண்டு பெண் கொசுக்களும் இட்ட முட்டைகளைத் தண்ணீரில் இட்டேன். இன்று காலை பார்த்தேன். எல்லாம் பொரிந்திருக்கின்றன.