ரூஷாவின் கண்ணாடியில் மூடுபனி

திராவா ஆற்றோர ஊர்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் ரூஷா. சென்ற நவம்பரில், மூடுபனியில், வண்டி வளைவில் வழுக்கி அறுத்த மக்காச்சோளக் கொல்லையில் இறங்கியது. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ரூஷாவுக்குத்தான் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை உதறல். பணிமனை மேலாளர் நல்ல மனிதர்; டிக்கெட் கவுண்டரில் உட்காரச் சொன்னார். வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும்.

மருத்துவர் அவளைச் சுகாதார நிலையத்தில் புதன்தோறும் கூடும் ஓவிய வகுப்புக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி கண்ணாடியின் பின்புறம் தீட்டி, முன்புறம் திருப்பிப் பார்ப்பார்கள். முதலில் தீட்டியதுதான் முன்னால் தெரியும், பின்னால் தீட்டுவதை அது மறைத்துவிடும்; அதனால் கண்ணுக்குக் கிட்ட இருப்பது முதலில், வானம் கடைசியில். அங்கே குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

அந்தப் புதன்கிழமை ரூஷா அதே சாலையைத் தீட்ட உட்கார்ந்தாள். தூரிகையை எடுத்ததும் வந்தது மூடுபனி. அதன்மேல் பேருந்து, பிள்ளைகள், சோளத்தட்டை. திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை.

பக்கத்து மேசை இம்ப்ரோ எட்டிப் பார்த்தார். கசாப்புக்கடை வைத்திருந்தவர், மனைவி போனபிறகு சேவலைத் தவிர எதையும் தீட்டாதவர்.

"என்னம்மா ரூஷா, குளியலறை ஜன்னலைக் கழட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"போங்கய்யா, உங்க சேவலுக்கு மூணு கால் இருக்கு, அதைப் பாருங்க மொதல்ல!"

"அது வாலு!"

எல்லோரும் சிரித்தார்கள். ரூஷாவும் சிரித்தாள், சிரிப்பிலேயே கண் கலங்கிவிட்டது.

வகுப்பை நடத்தும் யாஸ்னா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு உனக்கு ரொம்பக் கிட்ட இருந்தது எது?"

"பனிதான்."

"பனிக்கும் இந்தப் பக்கம்?"

ரூஷா யோசித்தாள். "என் கை. ஸ்டியரிங்க விடவேயில்ல. வண்டி மரத்துப் பக்கம்தான் போச்சு. நான்தான் கொல்லைக்குத் திருப்பினேன்."

சொன்னபிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

"நீ திருப்புனியா?" என்றார் இம்ப்ரோ. "தானா போய் இறங்குச்சுன்னுல்ல ஊர்ல பேசிக்கறாங்க!"

ரூஷா புதுக் கண்ணாடி எடுத்தாள். முதலில் விரல் கணுக்கள், மோதிரம். பிறகு இரண்டு கைகளும் பிடித்த ஸ்டியரிங். எண்ணெய் வண்ணம் காயாமல் அடுத்த அடுக்கைத் தொடக்கூடாது, அன்றைக்கு அவ்வளவுதான். பனிக்கு இன்னும் முறை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பணிமனைக்குப் போனாள்.

"கவுண்டர் வேண்டாம் சார். மொதல்ல காலி வண்டியில ஒரு சுத்து போய்ட்டு வரேன். பக்கத்துல யாராவது உக்காரட்டும்."

மேலாளர் தயங்கினார். "கை உதறல் நின்னுடுச்சா?"

"உதறத்தான் செய்யுது. ஆனா பிடியை விடாது. சாவியக் குடுங்க."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தானே கோட்டு மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.